எதிர்வீட்டு அத்தையின் இடது காது

“வக்கீலுக்காத்தா படிக்கப் போற? ஒஞ் சத்தம் எதுத்த வீட்டுல இருக்க எனக்கே கேக்கல. அம்புட்டு ஒசரத்துல ஒக்காந்திருக்க ஜட்ஜுக்கு எங்க கேக்கப்போவுது?”

சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் மிட்டாய் கொடுக்கப் போன என்னிடம் எதிர்வீட்டு அத்தை இப்படிக் கேட்டாள். என்னிடம் கேட்டாள் என்பதைவிடத் தெருவுக்கே அறிவித்தாள் என்பதுதான் சரி. அடிபம்பில் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா தீப்பெட்டி ஆபீஸிலும் அம்மா பட்டாசுக் கம்பெனியிலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் மிட்டாயை நீட்டியவளுக்கு இதுவா பதில்? மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே, “நல்லாருக்கு. ஆனா நாஞ் சொன்னது நெசந்தான்” என்றாள் அத்தை.

அத்தை என்றால் சொந்தத்தில் அத்தை இல்லை. சாத்தூருக்கு மேற்கே, காய்ந்த மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் தெருவில் அம்மாவை வயதில் ஒத்த பெண்கள் எல்லோரும் எங்களுக்கு அத்தையோ சித்தியோதான். இந்த அத்தைக்கு இடது காது கேட்காது. கல்யாணமான புதிதில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறை வெடித்துவிட்டது. காயம் இல்லை, காதுதான் போயிற்று. “சத்தம் உள்ள வந்துச்சு, வெளிய போகல” என்பாள். அன்றிலிருந்து அவளுக்கு மெதுவாகப் பேச வராது. வெங்காயம் கேட்டாலும் சண்டை போடுவதுபோல்தான் இருக்கும்.

வலது காது மட்டும் பாம்புக் காது. நாலு வீடு தள்ளி யாராவது போனில் கல்யாணம் பேசினால், மாப்பிள்ளையின் ஊர் முதற்கொண்டு அத்தைக்குத் தெரிந்துவிடும். அதனால் எந்தக் காதைத் திருப்புவது என்பது அவள் கையில் இருந்தது. பிடித்தவர்களுக்கு வலது பக்கம், பிடிக்காதவர்களுக்கு இடது பக்கம். காக்கிச்சட்டைக்கும் கையில் கோப்போடு வருகிறவர்களுக்கும் எப்போதும் இடது பக்கம்தான்.

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

எங்கள் தெருவில் இந்தச் சொல் அடிபடாத நாளே கிடையாது.

அது எங்களுக்குத் தந்த தொந்தரவும் கொஞ்சமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா அத்தையை அடுப்படிக்கு இழுத்துப் போய் வலது காதில் எதையோ கேட்டாள். அத்தை அங்கிருந்தே முழங்கினாள்: “என்ன கேக்க? மாப்பிள குடிப்பாரான்னா? அவுக அம்மா அங்கனதான இருக்காக, அவுகளையே கேளேன்!” வந்தவர்கள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். அம்மா அழுதாள். நான் கல்லூரிக்குப் போனேன். அதற்காக அத்தைக்கு நன்றி சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அவளுடைய குரல் எங்கள் வீட்டு மானத்தை ஒரு மாதத்துக்குத் தெருவில் காயப்போட்டிருந்தது.

ஆனால் அந்த இடது காது செய்த வேலையும் எனக்குத் தெரியும்.

எங்கேயாவது வெடிவிபத்து நடந்தால் போதும், அடுத்த சில நாட்களுக்கு எங்கள் தெருவில் சோதனை நடக்கும். வீட்டில் வைத்துச் சரவெடி பின்னுகிறார்களா என்று பார்க்க வருவார்கள். பார்க்கட்டும். ஆனால் வீட்டுக்குள் நுழைவதற்கு என்று ஒரு முறை இருக்கிறதல்லவா? அது எங்கள் தெருவுக்குக் கிடையாது. செருப்புக் காலோடு உள்ளே வந்து, அரிசிப் பானையில் கையை விட்டு, பீரோவில் சேலை மடிப்பைக் கலைத்துப் பார்ப்பார்கள். முதலாளிகளின் பங்களாக்களில் இப்படி யாரும் அரிசிப் பானையைத் துழாவி நான் கேள்விப்பட்டதில்லை. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை ஓர் ஏட்டு அத்தை வீட்டு நிலைப்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, “சும்மா ஒரு பார்வ பாத்துட்டுப் போயிருறோம்மா. மேல இருந்து சொல்லிருக்காக” என்றார்.

அத்தை இடது பக்கத்தைத் திருப்பினாள். “கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

“மேல இருந்து சொல்லிருக்காக!”

“மேலன்னா யாரு? பேரு என்ன?”

“அதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா?”

“என்னது? கேக்கல! என் வீட்டுக்குள்ள வரச் சொன்ன ஆளு பேரச் சொல்லுங்க, சத்தமா!”

இதற்குள் தெரு கூடிவிட்டது. ஏட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். காதோரமாகச் சொன்னபோது உத்தரவு மாதிரி இருந்தது, கூட்டத்தின் நடுவில் கத்திச் சொன்னபோது அவருக்கே ஏதோபோல் இருந்திருக்கும். “செவிட்டுப் பொம்பளகிட்ட என்னத்தப் பேச” என்று சிரித்து மழுப்பிக்கொண்டே நடையைக் கட்டினார். அடுத்த வீட்டுக்கும் போகவில்லை.

கிராம சபையிலும் இதே கதைதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் குடோன் வரப்போவதாகப் பேச்சு. அதை எதிர்த்துத் தீர்மானம் போட வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். ஊராட்சிச் செயலர் பக்கத்தில் வந்து, இந்தத் தடவை அது வேண்டாம் என்று சொல்லியிருப்பதாக முணுமுணுத்தார். யார் சொன்னது என்று அவரும் சொல்லவில்லை. அத்தை எழுந்து நின்று அவரை மூன்று தடவை சொல்லவைத்தாள். மூன்றாம் தடவை அவர் உச்சக் குரலில், “ஊர்க்காரங்க தீர்மானம் போடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிருக்காங்க!” என்று கத்த வேண்டியதாயிற்று. சபையே சிரித்தது. செயலரும் சிரித்துவிட்டார். தீர்மானம் எழுதப்பட்டது.

எங்கள் பக்கத்தில் அரசாங்கம் எழுதிப் பேசுவது குறைவு. அது முணுமுணுக்கும். ‘வேண்டாம்னு சொல்லிருக்காங்க’, ‘பாத்துக்கோங்க’, ‘பிள்ளைங்க எதிர்காலம் இருக்குல்ல’. இவற்றுக்குக் கையெழுத்து இருக்காது, தேதி இருக்காது, மேல்முறையீடும் இருக்காது. கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவைப் படித்தபோது, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை என்ற வரியை அடிக்கோடிட்டு வைத்தேன். எங்கள் தெருவுக்கு அந்த உரிமை வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அத்தைதான் சாட்சி என்று நினைத்தேன்.

பிறகு அத்தையின் தங்கை வேலை பார்த்த கம்பெனி வெடித்தது. தங்கையும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் போய்விட்டார்கள். அந்த வருத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு எங்களிடையே ஏற்பட்ட ஒரு வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். காரியத்தன்று யாரோ வெடித்த இடத்தில் வைத்துக் கொளுத்தச் சூடம் கொண்டுவந்தார்கள். அத்தை அதைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். “மண்ணு பூரா மருந்து கெடக்கு. செத்தவள மறுபடியும் பொசுக்கவா?” என்றாள். கையில் இருந்த குடத்துத் தண்ணீரை அந்த மண்ணில் ஊற்றினாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சடங்கு. விளக்கு இல்லை, சூடம் இல்லை, பத்தி கூட இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் திதிக்கு எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் சுமந்து போய், கம்பெனி வேலிக்கு வெளியே நின்று, உள்பக்கம் சாய்த்து ஊற்றிவிட்டு வருவார்கள். பேச்சு, பதாகை, கோஷம் எதுவும் இருக்காது.

சென்ற வருடம் அந்தக் கம்பெனியை வேறு பெயரில் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நான் கடைசி வருடப் படிப்பில் இருந்தேன். திதிக்கு ஊருக்கு வந்து, நானும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். தார்ச்சாலை பிரியும் இடத்தில் ஜீப்பும் வேனும் குறுக்கே நின்றன.

புது இன்ஸ்பெக்டர் நல்ல உயரம், சுத்தமான பேச்சு. எங்களை ‘வாங்கம்மா’ என்றுதான் கூப்பிட்டார். “அனுமதி வாங்கியிருக்கீங்களா?” என்று சாதாரணக் குரலில் கேட்டார்.

முன்னால் நின்ற அத்தை இடது பக்கத்தைத் திருப்பினாள். பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். என்ன நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

“கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க.”

அவர் கோபப்படவில்லை. ஜீப்புக்குப் போய் ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்தார். “இந்த மாவட்டத்தில் காவல் சட்டத்தின் முப்பதாம் பிரிவு அமலில் உள்ளது. அனுமதி இல்லாமல் யாரும் கூடக் கூடாது. துக்கத்துக்கும் கூடக் கூடாது. மீறினால் கைது.” காடு முழுக்கக் கேட்டது. பிறகு மைக்கை இறக்காமலே கேட்டார்: “கேட்டுச்சாம்மா? இன்னும் சத்தமா வேணுமா?”

வேன் பக்கம் நின்ற காவலர்கள் சிரித்தார்கள்.

அத்தை அப்படியே நின்றாள். அவளிடம் இதற்கு அடுத்த வரி இல்லை. அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. சத்தமாகச் சொல்லவைத்தால் போதும், சொன்னவரே வெட்கப்பட்டுத் திரும்பிப் போவார். இத்தனை காலம் எங்களைச் சட்டம் காத்தது என்று நினைத்திருந்தேன். இல்லை, காத்தது அவர்களுடைய கூச்சம். அது எப்போது தீர்ந்துபோனது என்று தெரியவில்லை, யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை.

நான் முன்னால் போனேன். “தடைன்னா எழுத்துல குடுங்க சார். எங்க கூட்டத்தைத் தடுக்குற உத்தரவோட நகல் வேணும்.”

“நீ என்னம்மா படிக்கிற?”

“சட்டம். கடைசி வருஷம்.”

“நல்லது. அப்ப எஃப்.ஐ.ஆர்.ல பேர் வந்தா வக்கீலாப் பதிவு பண்றது எம்புட்டு கஷ்டம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.” மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எனக்குப் பிரிவு எண்கள் எல்லாம் மனப்பாடம். அந்தச் சாலையில் ஒன்றும் உதவவில்லை. தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் வாங்கிய பதிலை அங்கே சொல்லிப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு, பெரிய மனதோடு ஒரு வழி சொல்வதுபோல, “தண்ணிதான ஊத்தணும்? இங்கயே ஊத்திட்டு வீட்டுக்குப் போங்க, நானும் விட்டுடறேன்” என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சிலருக்குக் கைப்பிள்ளை வேறு. ஒருத்தி சாலை ஓரத்தில் சாய்த்தாள். அப்புறம் எல்லோரும் சாய்த்தார்கள். அத்தை ஊற்றவில்லை. ஒரு பெண் காவலர் வந்து அவள் இடுப்புக் குடத்தைச் சரித்து ஊற்றினார். தார் மேல் விழுந்த தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடியது.

அப்போதுதான் ஒரு காவலர் போனை உயர்த்தி எங்களைப் படம் எடுத்தார். சாலை நடுவில் பெண்கள், எல்லோர் கையிலும் காலிக் குடம்.

தமிழ்நாட்டில் காலிக் குடத்தோடு சாலையில் நிற்கும் பெண்களின் படத்துக்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“ஏறுங்க வேன்ல” என்றார் இன்ஸ்பெக்டர்.

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. மணமக்கள் பெயர் போட்ட தெர்மாகோல் எழுத்துகள் மேடையில் அப்படியே இருந்தன. மதியம் பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம் வந்தது. “மொய் எழுதணுமாத்தா?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மேடை ஓரத்தில் உட்கார்ந்து, “தங்கச்சிக்குத் தண்ணி ஊத்தலயே” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மண்டபம் முழுக்க எதிரொலித்தது. வாசலில் நின்ற காவலர் தலையைத் திருப்பிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள்.

முதல் தகவல் அறிக்கையில், குடிநீர் கேட்பதாகச் சொல்லிக் காலிக் குடங்களுடன் மறியல் செய்து போக்குவரத்தைத் தடுத்தார்கள் என்று எழுதியிருந்தது. அந்தச் சாலையில் பஸ்ஸே வராது. எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை. மறுநாள் ஸ்டேஷன் ரைட்டர் அப்பாவை டீக்கடையில் பார்த்து, “பிள்ள படிக்குது. ஐயா பெருந்தன்மையா விட்டுட்டாரு” என்றாராம். அப்பா அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. நான் கேட்காத பிச்சையை வாங்கி, எனக்காக நன்றியும் சொல்லியாகிவிட்டது.

அத்தைக்கு மட்டும் அதோடு முடியவில்லை. பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடியவர் என்று கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருடத்துக்கு அமைதியாக இருப்பேன் என்று பிணை எழுதிக் கொடுக்க வேண்டும், மீறினால் சிறை. நானும் கூடப் போனேன். வழக்கறிஞராகப் பதிவு செய்யாத ஆள் பேசக் கூடாது என்று என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். திறந்த ஜன்னல் வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. ஒரு எழுத்தர் தாளைப் பார்த்து ஏதோ முணுமுணுவென்று வாசித்தார்.

“கேக்கல! சத்தமாச் சொல்லுங்க! நான் என்ன செஞ்சேன்னு எழுதிருக்கீக?”

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “இப்படிச் சத்தம் போடுறீங்க பாருங்க, அதாம்மா உங்க மேல புகாரே.”

திருப்பூரிலிருந்து வந்திருந்த அத்தையின் மகள் அவள் கையைப் பிடித்து அழுதாள். “எம்மா, ஒனக்குக் கும்பிடு போடுறேன், கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு. ஒன்னய ஜெயில்ல பாக்க என்னால ஆகாதும்மா.” அத்தை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தை மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டாள். தன் சத்தம் தனக்கே சரியாகக் கேட்காத ஒருத்தி, எவ்வளவு குறைத்தால் குற்றமில்லை என்று எப்படி அளப்பாள்? குறைத்துக் குறைத்து, கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது. கடைக்காரர், “என்ன அத்தை, கேக்கலயே” என்றார் ஒரு நாள். அத்தை வேண்டிய பொருளை விரலால் காட்டினாள். தெருவில் எவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. “வயசாகுதுல்ல” என்றாள் அம்மா. “நம்மளால என்ன செய்ய முடியும், விடு” என்றார் அப்பா. அந்த ‘விடு’வைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கமே வந்துவிட்டது.

மகள் அவளைத் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். பஸ் ஏற்றிவிடப் போன என்னைப் பார்த்து ஜன்னலோரம் ஏதோ சொன்னாள். பஸ் இரைச்சலில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சத்தமாகச் சொல்லச் சொல்லி எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அதன்பின் வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கிறார்கள்.

படிப்பை முடித்துவிட்டேன். மதுரையில் ஒரு வக்கீல் அம்மாவிடம் இப்போது வேலை பழகுகிறேன். பதிவுக்கான விண்ணப்பம் பார் கவுன்சிலில் இருக்கிறது. குற்ற வழக்கு எதிலும் சம்பந்தம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன், இன்றைக்கு அது உண்மைதான். அடுத்த மாதம் திதி வருகிறது. இந்த முறை யாரும் போக வேண்டாம் என்று இப்போதே தெருவில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாய்மொழியாகத்தான்.

வெடித்த இடத்தில் எங்கள் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதைக் காவல்துறை தடுக்கக் கூடாது, அத்தை மேல் உள்ள பிணை உத்தரவையும் ரத்து செய்ய வேண்டும் என்று மனுக்கள் தயாரித்தோம். பிணையை எதிர்க்கும் மனுவில் அத்தையின் கையெழுத்தை வாங்க நான் திருப்பூருக்குப் போய் வந்தேன். தண்ணீர் ஊற்றுவதற்கான மனுவில் மனுதாரர் நான்தான். பிரமாணப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தபோது வக்கீல் அம்மா ஒரு வரியில் விரலை வைத்தார். “போன வருஷம் நானும் அங்கிருந்தேன்னு எழுதியிருக்கே. எஃப்.ஐ.ஆர்.ல உன் பேரே இல்லை. இதைப் படிச்சதும் சேர்த்துடுவாங்க. உன் பதிவு எத்தனை காலம் தள்ளிப்போகும்னு என்னால சொல்ல முடியாது. இந்த வரி இல்லாமலும் மனு நிக்கும்மா.”

“நிக்கும் மேடம். ஆனா அந்தப் படத்துக்கு முன்னாடி குடத்துல தண்ணி இருந்துச்சுன்னு சொல்ல, வழக்குல மாட்டாத சாட்சி நான் ஒருத்திதான.”

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “கறுப்புக் கோட்டு தச்சு வாங்கி வச்சிருக்கேன்த்தா” என்றார். வைத்திருக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை உயர் நீதிமன்றக் கிளையில் இரண்டு மனுக்களையும் தாக்கல் செய்தோம். அந்த வரி அப்படியே இருக்கிறது: அன்று நானும் நிறைகுடத்தோடு அந்தச் சாலையில் நின்றேன். அதன் கீழே என் முழுப் பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு, ஊர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.